கேட்டதற்கு மட்டும்

எங்கள் எஸ்டேட்டில் அக்காவிடம் அடி வாங்காதவர்கள் என்று எடுத்தால் மேனேஜர் ஒருவர், அவர் வளர்த்த நாய் ஒன்று. நாயைக்கூட ஒரு முறை ஃபைலை ஓங்கிக்கொண்டு துரத்தினாள். அது ஓடித் தப்பித்தது. எனக்கு ஓட வழியில்லை. அவளுடைய மேஜையும் என்னுடைய மேஜையும் ஒட்டிக் கிடந்தன. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பெண்களுக்கு அப்பனான பிறகு, ஸ்டீல் ஸ்கேலால் மண்டையில் அடி வாங்கியவன் நான். ஸ்டோர் கீப்பர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான். மறு வாரம் அவனும் வாங்கினான்.

அக்கா என்று கூப்பிட்டாலும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். மரியாதையாக ‘அவர்’ போட்டு எழுதலாம்தான். எழுதியும் பார்த்தேன், வேறு யாரோ மாதிரி இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து பேர் ‘ஓ, அந்தப் பொம்பளையா’ என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

நெல்லியாளத்துக்குப் பக்கத்து எஸ்டேட் அது. நான் அன்னூர்க்காரன், ஆபீஸ் கிளார்க் வேலைக்காக மலையேறி வந்தவன். அவள் அங்கேயே பிறந்தவள். அவளுடைய அம்மா சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தது. மகள் தபாலில் படித்துப் பாஸாகி ஆபீஸில் கம்ப்யூட்டர் சீட்டுக்கு வந்தாள். தொழிலாளிகள் குடியிருக்கும் மேல் லைனில் முதல் வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம், அதற்குப் பின்னால் காடு.

அக்காவுக்கு ஒரே ஒரு வியாதி. ஒன்று கேட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வர வேண்டும். “எத்தன பேர் லீவு?” என்று கேட்டால் ஏழு என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். இல்லக்கா, நேத்து மழையா, அதனால என்று எவனாவது இழுத்தால் முதலில் பேனா பறக்கும், அடுத்து பஞ்சிங் மெஷின். அந்த மெஷின் பட்டு ஒரு சூப்பர்வைசருக்கு நெற்றியில் இரண்டு தையல் போட்டார்கள். அவர் ரத்தத்தோடு புகார் சொல்ல மேனேஜரிடம் போனார். என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்க, இவர் முந்தின நாள் மழையிலிருந்து கதையை ஆரம்பிக்க, பாதியிலேயே போதும் போய்யா என்று அனுப்பிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கும் அக்கா செய்ததில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

இன்னொரு நாள் ஒருத்தன் பொண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லீவு எழுத வந்தான். அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. அக்கா ஃபாரத்தை எடுக்கவில்லை. நீ அடிச்சியா என்று அவனிடம் கேட்டாள். அவன், இவள் போனில் யாரோடு பேசினாள், சோற்றை எப்போது வடித்தாள், தன்னைப் பெற்றவளை என்ன வார்த்தை சொன்னாள் என்று வரிசையாக எடுத்துவிட்டான். அக்கா மறுபடி கேட்டாள். அவன் மறுபடி ‘அது வந்துக்கா’ என்றான். பேப்பர் பறக்காமல் இருக்க ஃபேக்டரியிலிருந்து எடுத்து வந்த பழைய பேரிங் ஒன்று மேஜையில் கிடந்தது. அதைக் கையில் பிடித்து அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள். இரண்டு பல் தரையில் விழுந்தன. ரத்தம் நான் வருகை எழுதுகிற மஸ்டர் ரோல் மேல் தெறித்தது. அவன் கீழே உட்கார்ந்து, “அடிச்சேன்” என்றான்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா பல்லு இருந்திருக்கும்ல” என்று சொல்லிவிட்டு, ஃபாரத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

தனக்கும் அதே சட்டம்தான் வைத்திருந்தாள். ஒரு சாயங்காலம் பந்தலூர் பஸ்ஸில் ஒரு குடிகாரனைக் குடைக்கம்பு முறிகிற வரைக்கும் அடித்தாள். காது கிழிந்து தொங்க, அவனே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். போலீஸ்காரர் கூப்பிட்டு, அடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். வேறொரு வார்த்தை இல்லை. கேஸ் எழுதப் போகிற நேரத்தில் பஸ் கண்டக்டர் ஓடி வந்துதான், முன்சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையை அவன் என்ன செய்தான் என்பதைச் சொன்னார். ஏனுங்க்கா, நீங்களே சொல்லியிருக்கலாமே என்று மறுநாள் கேட்டேன். அவர் ஏன் அடிச்சேன்னு கேக்கலையே என்றாள். இப்படிப்பட்ட ஜென்மத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரோடு அவளுக்கு நடந்த சண்டை வேறு தினுசு. ஒரு வருஷம் தொழிலாளிகள் எல்லோருக்கும் போட்டோ ஒட்டிய கார்டு போடச் சொன்னார்கள். நானூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் கை போய்விடும். மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை தட்டினாலே படத்தை வெட்டி, சுருக்கி, எழுத்துப் பதித்துத் தரும் இலவச புரோகிராம் ஒன்றை அக்கா கண்டுபிடித்தாள். கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அது தானாக ஓடும். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். போட்டோவுக்குள் பதிந்திருக்கும் தொழிலாளி நம்பரைப் புரோகிராமிடம் கேட்டு வாங்கி, படத்துக்குக் கீழே அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நம்பரைக் கேட்டால் அது நம்பரை மட்டும் சொல்லவில்லை. இந்த எழுத்துரு கிடைக்கவில்லை, அந்த நிறம் சரியில்லை, படத்தில் தேதி கோணலாக இருக்கிறது என்று புலம்பிவிட்டு அதோடு சேர்த்துத்தான் நம்பரைச் சொன்னது. நாங்கள் கவனிக்கவில்லை. அறுபது பேருக்கு மேல், முகத்துக்குக் கீழே மூன்று வரி இங்கிலீஷ் புலம்பலோடு கார்டு லேமினேட் ஆகி வந்துவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொருத்தராக நிறுத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் கிண்டல் செய்தான். அக்கா கீபோர்டை எடுத்து மேஜை விளிம்பில் அடித்தாள். பொத்தான்கள் என் டீ கிளாஸுக்குள்ளே வந்து விழுந்தன. அது போதாதென்று கேட்டுக்குப் போய் வாட்ச்மேனையும் கவனித்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் நாலு நாள் உட்கார்ந்து விஷயத்தைப் பிடித்தாள். கறுப்புத் திரையில் ஓடும் புரோகிராமுக்கு இரண்டு வாய். ஒரு வாயில் பதில் வரும், இன்னொரு வாயில் புலம்பல் வரும். இரண்டும் ஒரே திரையில் விழுவதால் பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே பேச்சாகத் தெரியும். புலம்புகிற வாயைத் தனியாகத் திருப்பிவிடலாம். எதைப் போட்டாலும் காணாமல் போகிற இடம் ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. வரியின் கடைசியில் 2>/dev/null என்று தட்டினால் புலம்பல் முழுவதும் அதற்குள் போய்விடும். அக்கா அதற்குக் குழி என்று பெயர் வைத்தாள். முதல் தடவை தட்டியபோது திரையில் நம்பர் மட்டும் சுத்தமாக வந்து நின்றது. அக்கா சிரித்து நான் பார்த்த மிகச் சில நாட்களில் அது ஒன்று.

“மனுசனுக்கும் இப்படி ஒரு குழி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும், கிளார்க்கு” என்றாள்.

அன்றிலிருந்து அது ஆபீஸ் சட்டமானது. வரிக்கு வரி குழி என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நானும் அவளோடு சேர்ந்து ஸ்கிரிப்ட் எழுதப் பழகியிருந்தேன். நான் எழுதியதை அவள் பார்ப்பாள்; எங்காவது ஒரு வரியில் குழி இல்லாவிட்டால் ஸ்கேல் இறங்கும். நானும் பயந்துபோய், வேண்டிய வரி வேண்டாத வரி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டு வந்தேன். பயந்தவன் அப்படித்தான் வேலை செய்வான்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று அவள் வீட்டுக்கு ஒரு முறை போனபோது தெரிந்தது. அவளுடைய அம்மா, ஐயோ, அப்படியொரு வாய். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆரம்பித்தால் இலங்கையில் எந்தப் பீலியில் தண்ணீர் பிடித்தார்கள் என்பது வரைக்கும் போய்விட்டுத்தான் செம்பு வரும். மஸ்டரைப் பெரட்டு என்றும், லைனை லயம் என்றும், மேனேஜரைத் துரை என்றும்தான் அந்தம்மா சொல்லும். எனக்கு அது பேசுவது பிடிக்கும். அக்கா பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அம்மாவை மட்டும் அவள் கை தொட்டதில்லை. அதற்குப் பதிலாகச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடிப்பாள். அந்த வீட்டில் நசுங்காத பாத்திரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

சைரன் வந்த கதைக்கு வருகிறேன். மேல் லைன் பாதையில் ஒரு ஆளை யானை மிதித்துப் போட்டது. ஆள் என்று சொல்கிறேனே தவிர, சாக்கில்தான் அள்ளிக்கொண்டு வந்தோம். செருப்பு ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. ஒரு வாரம் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. அப்போதுதான் அக்கா மேனேஜரிடம் போய், பலா மரத்துப் பக்கம் ஒரு கேமராவும் லைனில் ஒரு சைரனும் வாங்கிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

கார்டுக்குப் படம் வெட்டிய அதே புரோகிராமுக்கு இரண்டு படங்களை ஒப்பிடவும் தெரியும். போன நிமிஷப் படத்தையும் இந்த நிமிஷப் படத்தையும் கொடுத்தால், எத்தனை புள்ளி மாறியிருக்கிறது என்று ஒரே ஒரு எண் சொல்லும். இலை அசைந்தால் சின்ன எண். யானை வந்து நின்றால் பெரிய எண். எட்டாயிரத்தைத் தாண்டினால் சைரன் ஊத வேண்டும். அக்கா எழுதினாள். முதலில் எண் அவள் கையில் சிக்கவில்லை. இரண்டு வாயையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள், சிக்கியது. ஏன் என்று அவள் ஆராயவில்லை. பதில் வந்துவிட்டது, அது போதும் அவளுக்கு.

நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு தடவை ஊதி, ஜனங்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவடைத்துக்கொள்ள, யானை பாட்டுக்குப் பலாப்பழத்தைத் தின்றுவிட்டுப் போனது. அக்காவைப் பார்த்துப் பயந்தவர்கள்கூடக் கும்பிட்டார்கள். பிறகு மழை பிடித்தது. ஈரத்தில் கேமராவிலிருந்து படம் அரைகுறையாக வந்தது. இந்தப் படத்தில் ஆயிரத்துச் சொச்சம் பைட் அதிகப்படியாக இருக்கிறது என்று புரோகிராம் புலம்பும். அந்தப் புலம்பலில் இருந்த எண்ணும், உண்மையான பதிலும் ஒட்டிக்கொண்டு லட்சக் கணக்கில் ஒரு எண் ஆயிற்று. பட்டப்பகலில், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், யானையே இல்லாமல் சைரன் அலறியது. மூட்டையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடினார்கள். ஒருத்தி மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

மேனேஜர் அக்காவை நிற்கவைத்துக் கத்தினார். இன்னொரு தடவை வீணாக ஊதினால் சைரனைக் கழற்றி எறிந்துவிடுவேன் என்றார். சோதனைக்குக்கூட ஊதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அக்கா வெளியே வந்து கதவில் ஓங்கிக் குத்தினாள். விரல் முட்டி பிளந்து ரத்தம் வடிந்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு மூன்று நாள் லீவு, அம்மாவுக்குக் குன்னூரில் கண் ஆபரேஷன். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: “யோவ், நான் வர்றதுக்குள்ள அந்தச் சனியனோட வாய அடச்சு வை.”

நான் அடைத்தேன். சுவரில் சட்டம் இருக்கிறது, கையில் பழக்கம் இருக்கிறது. ஒப்பிடுகிற வரியின் கடைசியில் குழியைப் போட்டேன். அதோடு விடாமல் ஸ்கிரிப்ட் முழுவதற்கும் சேர்த்து மேலே ஒன்று போட்டேன். மூன்று நாளும் மழை கொட்டியது, படங்கள் அரைகுறையாக வந்தன, சைரன் ஒரு தடவைகூட வீணாக ஊதவில்லை. வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அக்கா திரும்பி வந்து ஃபைலைத் திறந்து பார்த்தாள். வரி வரியாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையைத் தூக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கை மெதுவாக என் தலையில் தட்டிவிட்டுப் போனது. பத்து வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்று வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம் அதைச் சொன்னேன்.

பத்தொன்பது நாள் சைரன் சத்தமே இல்லை. யானை வேறு பக்கம் போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்தம்மா மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததாம், பின்னால் ஒரு வாசம் அடிக்கிறது, பலா மரத்தை வெட்டச் சொல்லு, ராத்திரி கிளை முறிகிற சத்தம் கேட்கிறது என்று. அக்கா இதை ஆபீஸில் வந்து எரிச்சலோடு சொல்வாள். கண் ஆபரேஷன் முடிந்து சும்மா படுத்திருக்கிற கிழவிக்குப் பேச ஆள் வேண்டும், அதற்கு யானை ஒரு சாக்கு என்பாள். நானும் சிரித்தேன். சைரன் ஊதவில்லையே, யானை எப்படி வரும்?

அன்று காலை ஆறு இருபதுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸில் இருந்தோம். மஸ்டருக்குப் பேர் எடுக்கிற நேரம். வெளியே பனி, எதிரே நிற்கிற ஜீப் தெரியவில்லை. அக்காவின் போன் அடித்தது. அம்மா. அந்தம்மா எப்போதும் கத்தித்தான் பேசும், என் மேஜை வரைக்கும் கேட்டது.

“பாப்பா, நேத்துப் பொழுது சாயவே சொன்னேன்ல, நீ காதுலயே வாங்கல, இப்ப பாரு, நம்ம லயத்துக்குப் பின்னாடி...”

“விசயத்தச் சொல்லும்மா.”

“அதத்தான் சொல்ல வாறேன், அந்தப் பலா மரம் இருக்குல்ல...”

அக்கா கட் பண்ணிவிட்டாள். உடனே மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது மேஜையில் அதிர்ந்துகொண்டே இருக்க, என்னைப் பார்த்து, ரெண்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். பதினெட்டு என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கூச்சல் கேட்டது. நாங்கள் ஓடினோம். முதல் வீட்டின் பின்சுவர் முழுவதும் உள்ளே விழுந்திருந்தது. தகரம் காகிதம் மாதிரி கசங்கிக் கிடந்தது. யானை அந்தம்மாவைச் சுவரோடு சேர்த்து மிதித்து, அப்புறம் காலைப் பிடித்துத் தேயிலைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இழுத்த வழியில் செடியெல்லாம் சிவப்பு. கண்ணில் கட்டியிருந்த பச்சைத் துணி ஒரு செடியில் மாட்டிக்கொண்டு நின்றது. யானை போகவில்லை. இருபது அடியில், பனிக்குள், காலடியில் கிடந்ததைத் துதிக்கையால் புரட்டிக்கொண்டு நின்றது.

அக்கா கவாத்துக் கத்தி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அதை நோக்கிப் போனாள். நாலு ஆண்கள் சேர்ந்து பிடித்தோம். ஒருத்தன் கையைச் சதை பிய்கிறபடி கடித்தாள். கத்தி என் தோளைக் கிழித்தது. அவள் கல்லை எடுத்து எறிந்தாள், அது யானையின் நெற்றியில் பட்டது, யானை காதை விரித்து இரண்டடி எங்கள் பக்கம் வந்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. அக்கா அம்மாவிடம் ஓடினாள். நான் போகவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஆபீஸுக்கு வந்தாள். நேராக ஸ்கிரிப்டைத் திறந்தாள். அம்மா செத்த அன்று காலைப் படங்கள் இரண்டை எடுத்து, ஒப்பிடுகிற வரியை மட்டும் கையால் ஓட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை, வெறுமை. வரியின் கடைசியிலிருந்த குழியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து என்று வந்து நின்றது.

அந்த ஒப்பிடுகிற கட்டளை தன் பதிலையே புலம்புகிற வாயில்தான் சொல்லும். அதை எழுதியவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. நான் குழியைப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு நிமிஷமும் அது சரியான எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, அத்தனையும் குழிக்குள் போயிருக்கிறது. கையில் எண்ணே இல்லாமல் எட்டாயிரத்தை எப்படித் தாண்டுவது என்று ஸ்கிரிப்டும் தன் பங்குக்குப் புலம்பியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் மேலே ஒன்று போட்டிருந்தேனே. அக்கா பத்தொன்பது நாள் படங்களையும் ஓட்டினாள். பதினொரு நாள் யானை வந்து பலா மரத்தடியில் நின்றிருக்கிறது. கடைசி நாள் ஆறு நாலுக்கே வந்துவிட்டது. அந்தம்மா போன் செய்தது ஆறு இருபதுக்கு.

நான் அடிக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்க மாட்டாளா என்று ஏங்கினேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் விசாரணை. மேனேஜரும் வனத்துறை ரேஞ்சரும் மேனேஜர் ரூமில் உட்கார்ந்தார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சைரன் ஏன் ஊதவில்லை என்று ரேஞ்சர் கேட்டார். புரோகிராமில் கோளாறுங்க என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். யார் செய்த கோளாறு? வேலை போனால் எஸ்டேட் குவார்ட்டர்ஸும் போகும், பிள்ளைகள் படிப்பு போகும், அன்னூருக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? அவர் காகிதத்திலிருந்து பேனாவை எடுப்பதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

“காலைல போன் வந்துச்சுங்க. அக்காவோட அம்மா பண்ணுனாங்க. அக்கா பேச விடாம கட் பண்ணிட்டாங்க.”

யாரும் என்னைப் போன் பற்றிக் கேட்கவில்லை. ரேஞ்சர் நிமிர்ந்தார். மேனேஜர் ‘என்னது’ என்றார். உடனே அக்காவை வரச் சொன்னார்கள். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன்.

“போன் வந்துச்சாம்மா?”

“வந்துச்சு.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

“என்ன சொன்னாங்க?”

“கேக்கல.”

ரேஞ்சர் அதை எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த சைரன் புரோகிராம் எழுதுனது யாரு?” என்றார்.

“நான்.”

அது உண்மைதான். எழுதியது அவள்தான். பிறகு அதில் கை வைத்தது யார் என்று ரேஞ்சர் கேட்டிருந்தால் அவள் என் பெயரைச் சொல்லியிருப்பாள். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. நான் ஒரு எட்டு முன்னால் வைத்து, இல்லைங்க, நான்தானுங்க என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த எட்டை நான் வைக்கவில்லை.

வெளியே வந்ததும் படியில் வைத்து என் சட்டையைப் பிடித்தாள். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. கீழே விழுந்தேன். மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்தாள். உதடு கிழிந்தது, ஒரு பல் உள்ளே போனது, இடது கண் இருண்டது. ஒவ்வொரு அடிக்கும், “போனப் பத்தி உன்ன எவன்டா கேட்டான்?” என்று அதையே கேட்டாள். குழியைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. வாட்ச்மேனும் ஸ்டோர் கீப்பரும் இழுத்துப் பிரிப்பதற்குள் படியெல்லாம் ரத்தம். பெற்ற தாயைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். என்னைத்தான் பாவம் என்றார்கள்.

வேலை போனது. லைன் வீடு வேலையில் இருப்பவர்களுக்குத்தான், ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்ய அங்கே மூன்று சுவரும் நசுங்கிய பாத்திரமும்தான் இருந்தன. அரவேணுப் பக்கம் சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை.

என் பொண்டாட்டி பத்து நாள் முகத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, பெத்தவளைக் கொன்னது பத்தாதுன்னு உண்மையைச் சொன்ன மனுசனை இப்படி அடிச்சிருக்காளே, இவ வெளங்குவாளா என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஸ்கிரிப்டை நான்தான் சரி செய்தேன். புலம்புகிற வாயைத் திறந்துவிட்டு, அதில் கடைசியாக வருகிற எண்ணை மட்டும் பிரித்து எடுக்கும்படி எழுதினேன். ஒரு மணி நேர வேலை. போன மாசம் ஒரு சாயங்காலம் யானைக் கூட்டம் வந்தது, சைரன் ஊதியது, மேல் லைனில் எல்லோரும் உள்ளே போய்க் கதவடைத்தார்கள், ஒரு உயிருக்கும் சேதமில்லை. மறுநாள் மஸ்டரில் மேனேஜர் என்னை முன்னால் கூப்பிட்டு, இவர் கண்டுபிடித்துச் சரி செய்ததால்தான் நாம் எல்லோரும் தப்பித்தோம் என்றார். இருநூறு பேர் கை தட்டினார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன்.